பறைக்குள் புகுந்த எதிராளி நிறம்

ஜுரந்திர் வீட்டில் கொய்யாப்பழம் தின்னலாம். வெட்டத்தான் கூடாது. முழுசாக வாயில் வைத்துக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட வேண்டும். வெட்டினால் வெளியே பச்சை, உள்ளே ரோஸ். பச்சையும் ரோஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் அது மலர்ப் பள்ளியின் கொடி. அந்தக் கொடி ஒரு தாரகைப் பள்ளிக்காரன் வீட்டு அடுப்பங்கரையில் பறக்கலாமா?

தர்பூசணி அந்த வீட்டு வாசற்படி ஏறி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

சாந்தோஸ் துறைமுகத்தில் இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். சாம்பாப் பள்ளி என்றால் சிலேட்டு, பலகை, வாத்தியார் எல்லாம் கிடையாது. கார்னிவல் ஊர்வலத்துக்காக வருஷம் முழுக்கக் கொட்டுகிற, தைக்கிற, ஆடுகிற கூட்டம் அது. ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு பள்ளி, ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு நிறம். இந்த ஊரில் மனுஷன் வேலையை மாற்றுவான், வீட்டை மாற்றுவான், சமயத்தில் பெண்டாட்டியைக்கூட மாற்றுவான். பள்ளியை மாற்ற மாட்டான்.

ஜுரந்திர் நீலம், வெள்ளை. துறைமுகத் தாரகைப் பள்ளியின் முதல் சுர்தூ அவன்தான். சுர்தூ என்பது இடுப்பில் கட்டித் தொங்கவிடுகிற பீப்பாய் அளவுப் பறை. அவர்கள் பாஷையில் அந்தச் சொல்லுக்குச் செவிடு என்று அர்த்தம். ஜுரந்திர் அதை அடிப்பதைப் பார்த்தவர்களும், பெண்டாட்டி மரில்ஸா கூப்பிடும்போது அவனைப் பார்த்தவர்களும் பேர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்பார்கள். ஊர்வலத்தில் ஆயிரம் கால்கள் எடுத்து வைக்கிற அடியெல்லாம் முதல் சுர்தூவின் அடிக்குக் கட்டுப்பட்டவை. பத்தொன்பது வருஷமாக முன்வரிசை நடுவில் அவன் நிற்கிறான். அந்த இடத்தில் நிற்கும்போது அவனுடைய ஐந்தடி நான்கங்குலம் ஏழடியாகிவிடும்.

பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பச்சைப் பெட்டி மேல் ரோஸ் பெட்டியை ஏற்றச் சொன்னால், இடையில் ஒரு சாம்பல் பெட்டியைச் செருகாமல் ஏற்ற மாட்டான். கப்பல்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள்.

இப்பேர்ப்பட்டவன் பெண் எடுத்தது எங்கே தெரியுமா? எதிர்க்குன்றில். மலர்ப் பள்ளி குடியிருக்கிற அதே குன்றில். காதல் வந்து கண்ணை மறைத்தபோது நிறம் தெரியவில்லை. கல்யாணத்தன்று தெளிந்துவிட்டது. மணப்பெண் மரில்ஸாவின் கையில் ரோஜாக் கொத்து. ஒரு இலைகூட விடாமல் மாப்பிள்ளையே உருவிப் போட்டிருந்தான். கோயில் வாசலிலேயே சத்தியமும் வாங்கிக்கொண்டான். இனிமேல் அவள் மலர்ப் பள்ளி ஊர்வலத்தில் ஆடக்கூடாது.

மரில்ஸா ஆடவில்லை. மூன்றாவது கால்வாய்க் கரையில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போனாள். ஒவ்வொரு கார்னிவலுக்கும் நீலச் சட்டை போட்டு, கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று புருஷனுக்குக் கை தட்டினாள். இருபத்திரண்டு கார்னிவல். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. விவரம் தெரிந்த புருஷனாயிருந்தால் அப்போதே பயந்திருப்பான்.

இந்த வருஷம் தாரகைப் பள்ளியின் பறைவரிசையை நடத்துகிற பெனிசியோ மேஸ்திரி பன்னிரண்டு சுர்தூக்களுக்கும் புதுத் தோல் வரவழைத்தார். பேர்தான் தோல்; சங்கதி பிளாஸ்டிக். அதுவும் கண்ணாடி மாதிரி தெளிவான இரட்டைத் தோல். இரண்டு மெல்லிய ஏடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே வளையத்தில் பிடித்தது. அடி தாங்கும், சத்தம் கனமாக இருக்கும். ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, "ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு மாட்டிக்கிட்டு வாங்கடா" என்றார்.

சனிக்கிழமை காலை ஜுரந்திர் மொட்டைமாடியில் சுர்தூவை வைத்தான். புதுசு வந்த திமிரில் பழைய தோலைக் கத்தியால் கிழித்துக் குப்பையில் எறிந்தான். புதுத் தோலை மாட்டி, சுற்றிலும் இருக்கிற திருகாணிகளைச் சாவி போட்டு இறுக்கினான். ஒரு அடி அடித்தான். அடுத்த வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. பெருமிதத்தோடு தோலைத் தடவக் குனிந்தான்.

குனிந்தவன் நிமிரவில்லை.

வெயில் பட்ட தோலில் வளையம் வளையமாக நிறம். ரோஸ். பச்சை. ரோஸ். பச்சை. மறுபடியும் ரோஸ்.

"மரில்ஸா!"

"என்ன?" என்று அடுப்பங்கரையிலிருந்து சத்தம் வந்தது.

"மேல வா!"

"பீன்ஸ் அடுப்புல இருக்கு."

"பீன்ஸ் கிடக்கட்டும்! இங்க என் மானம் போகுது!"

"எங்க போகப் போகுது? வாசல் கேட்டு சாத்தித்தானே இருக்கு."

கரண்டியோடு படியேறி வந்தாள். தோலைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஒரு தடவை துடித்தது. ஜுரந்திருக்கு அதைக் கவனிக்கிற நிலைமை இல்லை.

"அழகாத்தான் இருக்கு" என்றாள்.

"அழகா? என்ன நிறம்னு பாத்தியா?"

"வானவில்லாட்டம் இருக்கு."

"வானவில்லுல ஏழு நிறம்டி. இதுல ரெண்டுதான் இருக்கு. அதுவும் எந்த ரெண்டு? உங்க ரெண்டு!"

"எங்க ரெண்டா? நான் என்ன பெயிண்டா அடிச்சேன்?"

"உன் தம்பி அடிச்சிருப்பான். ஒஸ்மார் போன வாரம் இங்க வந்தானா இல்லையா?"

"வந்தான். கேக் தின்னான், போனான்."

"அதான்! அப்பவே எதையோ தடவிட்டுப் போயிட்டான்."

"போன வாரம் இந்தத் தோலு மேஸ்திரி வீட்டுலல்ல இருந்துச்சு?"

"அங்கயும் போயிருப்பான்! உங்க குன்றுல எல்லாருக்கும் கை நீளம்!"

மச்சினன் ஒஸ்மார் மலர்ப் பள்ளியில் சுர்தூ அடிக்கிறவன். அந்த வீட்டில் மழை வந்தாலும் ஒஸ்மார்தான் காரணம், மழை வராவிட்டாலும் ஒஸ்மார்தான் காரணம்.

ஜுரந்திர் ஈரத்துணியால் துடைத்தான். போகவில்லை. சோப்புப் போட்டான். வினிகர் ஊற்றினான். எலுமிச்சம்பழம் தேய்த்தான். கடைசியில் கரும்புச் சாராயம் கொண்டுவந்து, தோலுக்குக் கொஞ்சம், தொண்டைக்கு நிறைய என்று முயன்று பார்த்தான். தோல் பளபளவென்று ஆனதுதான் மிச்சம். அழுக்கு போகப் போக நிறம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

ஆத்திரத்தில் கட்டைவிரலால் ஒரு பச்சை வளையத்தை அமுக்கினான். வளையம் விலகி ஓடியது. அமுக்கிய இடத்தைச் சுற்றிப் புதுசாக நாலு வளையம் முளைத்தது.

"ஐயோ, நகருது! மரில்ஸா, இதுக்கு உசிரு இருக்கு!"

"கத்தாதய்யா. உசிரும் இல்ல, மசிரும் இல்ல. எங்க கடையில ரெண்டு லென்ஸை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா…"

"நான் மூக்குக் கண்ணாடியைப் பத்திக் கேட்டனா? என் வாழ்க்கையே போகுது, இவ கடைக் கதை சொல்றா!"

மரில்ஸா கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்தாள். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். காரியம் ஆகவேண்டியவர்கள் காத்திருக்கும்போது இருக்கிற அமைதி அது.

அவன் பயத்துக்கும் காரணம் இருந்தது. பெனிசியோ மேஸ்திரி போட்ட சட்டம் ஒன்று உண்டு. எதிராளி நிறம் பறைவரிசைக்குள் வரக்கூடாது. கொண்டு வந்தவன் யாராக இருந்தாலும் அந்த வருஷம் வெளியே. போன வருஷம் ஒருவன் ரோஸ் காலுறையும் பச்சைச் செருப்புமாக ஒத்திகைக்கு வந்தான். வாசலில் கழற்றுகிறேன் என்று கெஞ்சினான். மேஸ்திரி விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கையைக் காட்டினார். ஊர்வலத்தன்று அவன் தெருமுனையில் தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தான்.

"கார்னிவலுக்குப் பத்து நாள்தான் இருக்கு" என்று ஜுரந்திர் தலையைப் பிடித்துக்கொண்டான். "என்னைத் தூக்கிட்டா என் இடத்துக்கு யாரு தெரியுமா? வால்மோர்! ரெண்டாம் வரிசையில என் பின்கழுத்தையே பாத்துக்கிட்டு மூணு வருஷமா நிக்கிறான். நாளைக்கு இதைப் பாத்தான்னா பள்ளிக்கூட மணி மாதிரி கத்துவான்."

"கத்தத்தான் செய்வான்."

"ஆறுதலா ஒரு வார்த்தை சொல்றியா நீ?"

"ஆறுதல் எதுக்கு? உன் இடம் போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

ஜுரந்திர் நிமிர்ந்தான். "நெஜமாவா?"

"நெஜம்தான். ஆனா எனக்கு ஒண்ணு வேணும்."

"கேளு செல்லம். என்ன வேணாலும் கேளு."

இந்த வாக்கியத்தைச் சொல்லி உருப்பட்ட புருஷன் சாந்தோஸில் இல்லை. வேறு ஊரிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

"மலர்ப் பள்ளிக்கு இது அம்பதாவது வருஷம். நான் அதுல ஆடணும். ரோஸ் பாவாடை, பச்சை இறகு. நீ கம்பித் தடுப்புக்குப் பின்னால நின்னு பாக்கணும்."

ஜுரந்திர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வேற ஏதாவது கேளு."

"வேற வேணாம்."

"ஃப்ரிட்ஜ் கேளு."

"ஃப்ரிட்ஜ் இருக்கே."

"இன்னொண்ணு கேளு! ரெண்டு இருந்தா தப்பா?"

"சரி, நான் கீழ போறேன். பீன்ஸ் அடி பிடிச்சிரும். நாளைக்கு வால்மோருக்கு என் வாழ்த்தைச் சொல்லு."

அவள் மூன்றாவது படியில் கால் வைப்பதற்குள் "இரு, இரு" என்றான். கூடத்துச் சுவரில் புனித ஜார்ஜ் குதிரை மேல் உட்கார்ந்து பூதப் பாம்பைக் குத்திக்கொண்டிருந்தார். பாம்பு பச்சை, நாக்கு ரோஸ். அந்த நாக்குக்கு ஜுரந்திர் எப்போதோ பேனாவால் நீலம் பூசியிருந்தான். அவர் முன்னால் கையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தான். என் இடம் நிலைத்தால் மரில்ஸா மலர்ப் பள்ளியில் ஆடலாம், நான் தடுப்போரம் நின்று பார்ப்பேன்.

மரில்ஸா ஒரு நீலப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து சுர்தூவை மூடிக் கட்டினாள்.

"நான் சொல்ற வரைக்கும் பிரிக்காத."

"அதுக்குள்ள நிறம் போயிருமா?"

"நான் சொல்ற வரைக்கும் பிரிக்காதன்னேன்" என்றாள் அவள்.

ஞாயிறு மதியம். தாரகைப் பள்ளியின் ஒத்திகைக் கூடத்தில் கறுப்புப் பீன்ஸும் பன்றிக்கறியும் வெந்துகொண்டிருந்த வாசனை சாலை வரைக்கும் வந்தது. ஜுரந்திர் நீலப் பொதியை அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். ஏன் மூடியிருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்ல மூன்று பொய் தயாராக வைத்திருந்தான்.

யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் வரிசையில் நின்றிருந்த மற்றப் பதினோரு சுர்தூக்களும் மூடித்தான் இருந்தன.

ஒன்றின் மேல் மேசை விரிப்பு. ஒன்றின் மேல் மழைக்கோட்டு. ஒரு தடியன் தன் சுர்தூவுக்குக் குளியலறைத் திரையைச் சுற்றியிருந்தான். அதில் வாத்துகள் நீந்தின. வால்மோர் தன்னுடையதைக் கம்பளியில் சுருட்டிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான். பன்னிரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை.

ஜுரந்திர் வால்மோரைக் கேட்டான். "என்னடா, பறைக்குக் குளிரா?"

"தூசி" என்றான் வால்மோர். "உனக்கு?"

"தூசிதான்."

"இந்த வருஷம் தூசி ஜாஸ்தி" என்றான் வாத்துக்காரன். எல்லோரும் ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினார்கள்.

பெனிசியோ மேஸ்திரி மேடை ஏறினார். அவர் பக்கத்தில் சம்சாரம் கிளியோனிசே, புது மூக்குக் கண்ணாடியும் அகப்பையுமாக. மேஸ்திரி விசில் ஊதினார். கையை உயர்த்தினார். முதல் சுர்தூ அடி கொடுக்க வேண்டும்.

ஜுரந்திர் படுக்கை விரிப்பின் மேலேயே அடித்தான். தலையணையை யாரோ மாடியிலிருந்து போட்டதுபோல் 'தொப்' என்றது. இரண்டாம் சுர்தூ பதில் சொன்னது. இன்னொரு தலையணை விழுந்தது.

விசில் மேஸ்திரி வாயிலிருந்து நழுவித் தொங்கியது.

"யாருடா செத்துட்டாங்க? எல்லாப் பறைக்கும் எதுக்குடா போர்வை? ஜுரந்திர்! துணியை எடு."

"மேஸ்திரி… அது வந்து… தூசி…"

"எடுன்னேன்!"

ஜுரந்திரின் கை நகரவில்லை. பத்தொன்பது வருஷம் கண்முன்னால் ஓடியது. தெருமுனை, தண்ணீர் பாட்டில், கூவி விற்கிற தன் குரல் எல்லாம் தெரிந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்தான். அவன் அந்த இடத்தை அவ்வளவு நேசித்தான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து முடிச்சை உருவியது. விரிப்பு சரிந்து விழுந்தது.

மரில்ஸா!

மேல் ஜன்னல் வழியாக வந்த வெயில் நேராகத் தோலில் விழுந்தது. நிறம் மொட்டைமாடியில் இருந்ததைவிட இரண்டு மடங்காக மின்னியது. ரோஸ், பச்சை, ரோஸ், பச்சை.

"துரோகி!" என்று வால்மோர் கத்தினான். பள்ளிக்கூட மணியேதான். "முன்வரிசையிலேயே எதிராளிக் கொடி! மேஸ்திரி, பாருங்க! பொண்டாட்டி ஊருக்கு விலை போயிட்டான்!"

"மரில்ஸா," என்று ஜுரந்திர் முனகினான், "நீயே என்னைக் கொன்னுட்டியே."

"சும்மா நில்லு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவள் நேராக வால்மோரிடம் போனாள். "நீ ஏன் கயிறைக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டிருக்க தம்பி? உன்னுதுல தூசியை நானும் கொஞ்சம் பாக்குறேன்."

"வேணாங்க்கா… அக்கா, வேணாம்…"

லென்ஸ் தேய்க்கிற விரலுக்கு முடிச்செல்லாம் எம்மாத்திரம்? கம்பளி விழுந்தது. ரோஸ், பச்சை, ரோஸ், பச்சை. வாத்துத் திரை விழுந்தது. மழைக்கோட்டு விழுந்தது. மேசை விரிப்பு விழுந்தது. பன்னிரண்டு சுர்தூக்களும் மலர்ப் பள்ளியின் வாசல் தோரணம்போல ஜொலித்துக்கொண்டு நின்றன.

மேஸ்திரி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பன்னெண்டு பேருமா? பன்னெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டு நான் எதை வெச்சு ஊர்வலம் போறது? தட்டையும் கரண்டியையும் வெச்சா?"

"யாரையும் அனுப்ப வேணாம் மேஸ்திரி" என்றாள் மரில்ஸா. சட்டைப்பையிலிருந்து இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். "நிறம் இருக்கா?"

"இல்ல."

இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, வெயிலில் அமுக்கிப் பிடித்தாள். உள்ளே குட்டிக் குட்டி வளையங்கள் மலர்ந்தன. கூட்டம் மேடையை நெருங்கியது.

"ரெண்டுக்கும் நடுவுல மூச்சு அளவு காத்து இருக்கு. தலைமுடியில நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் இருக்கும். வெளிச்சம் வந்து விழுதா? கொஞ்சம் மேல் ஏட்டோட அடியில பட்டுத் திரும்புது. கொஞ்சம் காத்தைத் தாண்டிப் போய்க் கீழ் ஏட்டு மேல பட்டுத் திரும்புது. ரெண்டாவது வெளிச்சம் கொஞ்சூண்டு லேட்டா வருது. ரெண்டும் ஒண்ணாச் சேர்றப்ப சில நிறம் அடி தப்பாம ஜோடி சேர்ந்துக்குது, அது பளிச்சுன்னு தெரியும். சில நிறம் அடி தப்பி ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டுக் காணாமப் போயிருது. மிச்சம் நிக்கிறதுதான் உங்க கண்ணுக்குத் தெரியுற நிறம்."

அடி தப்புவது என்றவுடன் பறைக்காரர்கள் அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது.

"அப்ப இது ஏன் ஓடுது?" என்று கேட்டான் வாத்துக்காரன். அவனும் அமுக்கிப் பார்த்திருக்கிறான் என்பது தெரிந்துபோயிற்று.

"அமுக்கினா இடைவெளி மாறுது. இடைவெளி மாறினா ஜோடி சேர்ற நிறமும் மாறுது. அவ்வளவுதான். மேலயும் ஒண்ணும் ஒட்டல, உள்ளயும் ஒண்ணும் ஒட்டல. தோலுல குத்தமும் இல்ல, சத்தத்துக்குக் கேடும் இல்ல. துடைச்சா போகாது. யாரெல்லாம் துடைச்சீங்க?"

பன்னிரண்டு பேரும் மறுபடி கூரையைப் பார்த்தார்கள்.

"வினிகர் போட்டீங்களா?"

"நான் பெட்ரோல் போட்டேன்" என்றான் வால்மோர் தரையைப் பார்த்து.

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாம் சரிம்மா. ஆனா ஏன் அந்த ரெண்டு நிறம் மட்டும்?"

"இடைவெளி கொஞ்சம் கூடிப்போனா அந்த ரெண்டும்தான் மாறி மாறி நிக்கும். ஆனா அது மட்டும் இல்ல. இங்க வந்து பாருங்க." ஜுரந்திரின் தோலில் ஓரமாக விரலை வைத்து லேசாக அமுக்கினாள். விரலை ஒட்டி, கீற்றாக ஒரு நீலம் எழுந்தது. அதையடுத்து வெள்ளையாக ஒரு கோடு. "நீலமும் இருக்கு, வெள்ளையும் இருக்கு. நீங்க அத்தனை பேரும் பயந்து போய் அந்த ரெண்டை மட்டுமே பாத்துக்கிட்டிருந்தீங்க."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். அவர் முகம் விடிந்தது. "இருக்குடா! நீலம் இருக்கு! நம்ம நீலம்!" என்று கூவினார். உடனே பன்னிரண்டு பேரும் அவரவர் தோலை அமுக்கி நீலம் தேட ஆரம்பித்தார்கள்.

பிறகு மேஸ்திரி ஜுரந்திரின் தோளில் கை போட்டு அவனைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தினார். "கோழைப் பசங்களா! பதினோரு பேரு மூடி மறைச்சீங்க. பொண்டாட்டியை விட்டே துணியை எடுக்கவெச்சு, எனக்கு முன்னால நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னது இவன் ஒருத்தன்தான். இவன்தான்டா முதல் சுர்தூ!"

இதை மறுப்பதற்கு ஜுரந்திர் பைத்தியமா? நெஞ்சை நிமிர்த்தினான். ஏழடியானான். "உண்மை என்னைக்கும் மூடி இருக்கக்கூடாது மேஸ்திரி" என்று சொல்லியும் விட்டான். மரில்ஸா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வீடு திரும்புகிற வழியில்தான் அவனுக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது.

"ஆமா மரில்ஸா, நிறம் போகலையே. அப்ப பேச்சு செல்லாதுல்ல?"

"நிறம் போகும்னா சொன்னேன்? உன் இடம் போகாதுன்னு சொன்னேன். போச்சா?"

"போகல. ஆனா…"

"புனித ஜார்ஜ் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். வேணும்னா வீட்டுக்குப் போய் அவர்கிட்டயே பேசிக்க."

ஜுரந்திர் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த ஒன்பது நாளும் கூடத்தில் ரோஸ் துணி விரிந்து கிடந்தது. நாற்காலியில் எல்லாம் பச்சை இறகு. குண்டூசி எடுத்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தான். விரலில் குத்தியது. இரண்டாம் நாளிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டான். நாலாம் நாள், அவளுக்குத் தெரியாமல் ஒரு இறகைத் தடவிப் பார்த்தான். மெத்தென்று நன்றாகத்தான் இருந்தது. சட்டென்று கையைக் கழுவிவிட்டு வந்தான்.

ஊர்வலத்தின் முதல் நாள் முதல் பள்ளி மலர்ப் பள்ளி. வெயில் இன்னும் தாழவில்லை. ஜுரந்திர் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு கம்பித் தடுப்போரம் நின்றான். சத்தியத்தில் நிற்பேன் என்றுதான் இருந்தது. கை தட்டுவேன் என்று இல்லை. கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டான்.

வெடி வெடித்தது. பாட்டு எழுந்தது. இருநூறு பெண்கள் ஒரே அலையாக வந்தார்கள். ரோஸ் பாவாடைகள் சுழன்றன. மூன்றாவது வரிசை ஓரத்தில் மரில்ஸா.

அவனுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவன் பார்த்தவள் பீன்ஸ் கிண்டுகிறவள், பேருந்துக்கு ஓடுகிறவள், தடுப்புக்குப் பின்னால் நின்று கை தட்டுகிறவள். இவள் வேறு யாரோ. தலை நிமிர்ந்திருந்தது. கால் தரையில் பட்டதாகவே தெரியவில்லை. முகத்தில் அப்படியொரு சிரிப்பு. ஒரு அடி தப்பவில்லை. முதல் சுர்தூக்காரன் கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா? இவளை இத்தனை வருஷம் இந்தப் பக்கம் நிற்கவைத்தோமே என்று அவனுக்கு நெஞ்சு வலித்தது. உடனே அந்த வலியை மிஞ்சிக்கொண்டு பெருமை பொங்கியது. அக்குளிலிருந்து கைகள் தாமாக வெளியே வந்தன.

"அவ என் பொண்டாட்டி!" என்று பக்கத்திலிருந்தவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "அந்த மூணாவது வரிசை! பச்சை இறகு! என் பொண்டாட்டிய்யா!"

"எல்லாரும் பச்சை இறகுதானே வெச்சிருக்காங்க" என்றான் அவன்.

"எல்லாரையும் விட நல்லா ஆடுறது யாருன்னு பாரு, அவதான்!"

தொப்பி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. தெருக்கோடி வரைக்கும் தடுப்பை ஒட்டியே ஓடினான். மலர்ப் பள்ளியின் பாட்டை வரி தப்பாமல் பாடிக்கொண்டே ஓடினான். எப்போது மனப்பாடம் ஆயிற்று என்று அவனுக்கே தெரியாது.

ஊர்வலம் கலைகிற இடத்தில் மரில்ஸா நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்தாள். இறகுக் கிரீடம் பக்கத்தில். ஜுரந்திர் தரையில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு காலையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். தாரகைப் பள்ளிக்காரன் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று ஆகிவிட்டது.

"மரில்ஸா, நீ ராணி. சத்தியமாச் சொல்றேன், இந்தத் தெருவுல இப்படி யாரும் ஆடினதில்ல. பெருமையில எனக்கு மூச்சே முட்டிடுச்சு."

"தெரியும். நீ கத்தினது எனக்கே கேட்டுச்சு."

"எல்லாம் அதிர்ஷ்டம்தான், பாத்தியா? மேஸ்திரிக்கு என்ன தோணுச்சோ, இந்த வருஷம் போய் இரட்டைத் தோல் வரவழைச்சாரு. இல்லன்னா நீ இதுல ஆடியிருக்கவே முடியாது."

மரில்ஸா கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

"போன வருஷமே ஒஸ்மார் இரட்டைத் தோல் மாட்டின சுர்தூல இந்த நிறத்தைப் பாத்தேன். நவம்பர்ல மேஸ்திரி சம்சாரம் கிளியோனிசே மூக்குக் கண்ணாடி மாத்த நம்ம கடைக்கு வந்தப்ப, பள்ளிக்கு இரட்டைத் தோலே வாங்குங்க, ரொம்ப நாள் உழைக்கும்னு சொல்லி அனுப்பினது நான்தான். மெதுவா அமுக்குய்யா, அந்தக் கால்தான் வலிக்குது."